நாற்பத்தோராவது அசைவு

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை என் குசினியில் நின்று நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு உனக்கு முதுகைக் காட்டி நின்றேன். "அவன் என்ரை பிள்ளையின்ரை வண்டிலிலை துப்பினவன், அப்பா. அவனுக்கு முன்னாலை போயிருந்து மன்னிப்புக் கேக்க என்னாலை ஏலாது. நீங்கள் ஆருக்காவது குனிஞ்சனீங்களோ?" என்று கேட்டாய். இல்லை, அன்றுவரை நான் யாருக்கும் குனிந்ததில்லை. அதை நீ பெருமையாகச் சொன்னாய். எனக்கு அது பெருமையாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராததால், அறுபத்து மூன்று வயதில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு உனக்கு டெர்மின். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரு மேசையில் இருந்து, நடுவில் ஒருவர் இருக்கப் பேசித் தீர்க்கப் பார்ப்பதற்கு அரசாங்க வழக்கறிஞர் தந்திருக்கிற ஒரேயொரு தவணை. போகாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். தண்டனை கிடைத்தால் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு வேண்டிய நன்னடத்தைப் பத்திரம் உனக்குக் கிடைக்காது, சீஃபு உன்னை நம்பி விட்டுப்போன குங்ஃபூ பள்ளியின் கதவு மூடப்படும். இதெல்லாம் உன் வக்கீல் சொல்லிவிட்டார். என் பயம் வேறு. நீ போகாவிட்டால் நான் ஆன மனிதனாகத்தான் நீயும் ஆவாய். அந்த மனிதன் யார் என்று உனக்கு இன்னும் தெரியாது.

யாரோ கைபேசியில் எடுத்த அந்த வீடியோப் படத்தை நானும் பார்த்தேன். எஸ்-பான் ரயில் மேடை, நல்ல வெயில், உன் மனைவி வண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் கத்துகிறான், துப்புகிறான், உன் முதல் அடியிலேயே முழங்காலில் விழுகிறான். விழுந்தவன் இரண்டு கையையும் தூக்குகிறான். நீ அவனுடைய வலது கையைப் பிடித்து, நீட்டி, முழங்கையை உன் முழங்காலுக்குக் குறுக்கே வைத்து இறக்குகிறாய். அந்தச் சத்தம் படத்தில் கேட்கிறது. எனக்கு முதலில் வந்தது பெருமை, மகனே. அதை ஒளிக்க மாட்டேன். என் பிள்ளை எவ்வளவு துப்புரவாகச் செய்கிறான் என்று நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அது உன் முழங்கால் இல்லை, என்னுடையது என்று விளங்கியது.

உனக்குத் தெரிந்த சீஃபு கிழவர். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மூலையில் இருந்து, பிள்ளைகள் பிழைவிட்டால் நாக்கைச் சொடுக்குகிற லியோங் சீஃபு. எனக்குத் தெரிந்தவருக்கு நாற்பது வயது. நாங்கள் இருவரும் ஹம்பேர்க்கில் ஒரு சீன உணவகத்தின் குசினியில் நின்றோம். நான் கோப்பை கழுவினேன், அவர் இறைச்சி வெட்டினார். ஈப்போவில் பிறந்தவர், தகப்பன் எலும்பு முறிவு வைத்தியர், கப்பலில் சமையல்காரனாக வந்து இங்கே இறங்கியவர். தோட்டத்துத் தமிழரோடு வளர்ந்ததால் கொஞ்சம் தமிழ் தெரியும். யாழ்ப்பாணத்தானான எனக்கு ஒரு சீனர் மலேசியத் தமிழில் "தம்பி, தட்டு சூடு, பாத்துலா" என்றபோது முதல் நாள் நான் சிரித்த சிரிப்பில் தட்டு விழுந்து உடைந்தது. ஒருநாள் குடித்த விருந்தாளி ஒருவன் குசினிக்குள் புகுந்து மேசைக் கத்தியை எடுத்து வீசினான். சீஃபு அவனுடைய மணிக்கட்டைப் பிடித்த விதம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அந்தக் கை இறைச்சிப் பலகையில் விரிந்து கிடந்தது, மேலே வெட்டுக்கத்தி நின்றது. அப்படியே ஒரு மூச்சு வைத்திருந்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, நழுவியிருந்த அவன் பெருவிரல் மூட்டை இழுத்துப் பொருத்தி, கறுத்த தைலம் பூசித் துணி சுற்றி அனுப்பினார். அன்றைக்கே அவரிடம் பழக்கச் சொல்லிக் கேட்டேன். என் கண்ணில் நின்றது கத்தி மட்டும்தான், தைலத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

டயர்க் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் ஆறு பேர் பழகினோம். அவர் செல்லம் கொடுத்துப் பழக்குகிறவர் இல்லை. ஊதுபத்தி ஒன்று எரிந்து முடியும்வரை தொடையில் தடியை வைத்துக் குந்தி நிற்கவேண்டும், தடி விழுந்தால் அதே தடியால் அடி விழும். மூங்கில் கட்டால் முன்கையில் அடித்து அடித்துத் தோல் வெடிக்க வைப்பார், வெடித்த இடத்துக்கு அவரே தைலம் போடுவார். நானோ அடியை வாங்கிப் பழகியவன். ஊரில் இராணுவ முகாமில் என்னை முழங்காலில் இருத்தி, கையைத் தூக்கச் சொல்லி, தூக்கிய கையோடுதான் அடித்தார்கள். அதை உன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. சீஃபு பழக்கிய அசைவுகளின் அடிவரிசையில் நாற்பத்தோராவது அசைவு எனக்கு மிகவும் பிடித்தது. கையைப் பிடி, நீட்டு, முழங்காலுக்குக் குறுக்கே வை, முறி. குசினியில் பூசணிக்காய் வெட்டும்போதுகூட அதை மனதில் செய்து பார்ப்பேன்.

இனி நான் உனக்குச் சொல்லி வளர்த்த கதைக்கு வருகிறேன். ஐந்து நாஜி மொட்டைத் தலையர்கள் வந்தார்கள், சீஃபுவும் நானும் முதுகோடு முதுகு நின்றோம், ஐந்து பேரும் படுத்தார்கள் என்பேன். நீ குழந்தையாக இருந்தபோது மூன்று பேர் என்றுதான் தொடங்கினேன். பிறகு எனக்கே ஐந்து என்று நம்பிக்கை வந்துவிட்டது. உண்மையில் அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். நீ உன் அம்மாவின் வயிற்றில் இருந்தாய். அந்த வருடங்களில் அப்படிப்பட்டவர்கள் அகதிகள் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். எஸ்-பான் நிலையத்துக்குக் கீழே இருக்கிற சுரங்கப்பாதையில் மூன்று பேர் தடியோடு வந்தார்கள். சீஃபு அங்கே இல்லை, நான் தனி. முதல் தடி என் தோளில் விழுந்தது. நான் அவனுடைய மூக்கை உடைத்தேன், அவன் ஓடினான். அடுத்தவனின் விலாவில் குத்தினேன், அவனும் ஓடினான். மூன்றாமவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். தடியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சறுக்கி இருந்து இரண்டு கையையும் தூக்கினான். அவன் பெயர் மார்க்கோ என்று பிறகுதான் தெரியும். தூக்கிய கையில் ஒன்றைப் பிடித்து நாற்பத்தொன்றைச் செய்தேன். முழங்கை மறுபக்கம் மடிந்தது. அவன் கத்திய கத்தல் எனக்கு இனித்தது. அது போதவில்லை என்று குதிக்காலால் முகத்தில் இரண்டு தரம் மிதித்தேன். இரண்டாம் மிதியில் அவனுடைய வலது கண் போனது. கையைத் தூக்கினவனை அடித்தால் எப்படி இருக்கும் என்று ஹம்பேர்க்கில் எனக்குத் தெரிந்த அளவு வேறு எவனுக்கும் தெரிந்திருக்காது, மகனே. தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

மறுநாள் சீஃபுவிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். முழங்காலில் இருந்த கண்டலைக்கூடக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "அவன் கை எங்க இருந்துச்சு?" நான், "மேலே" என்றேன்.

அவருடைய ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவன் அநியாயமாக அடித்தால் ஆசான் அவனை அடிபட்டவனின் வாசலுக்குக் கூட்டிப்போவார். மாணவன் இரண்டு கையாலும் தேநீர் ஊற்றிக் கொடுத்துக் குனிய வேண்டும். மற்றவன் குடித்தால் விஷயம் அதோடு முடிந்தது. குடிக்காவிட்டால் அடுத்த புது வருடத்துக்கும் போக வேண்டும். ஒரு கிழமை கழித்து, துவாயில் சுற்றிய பிளாஸ்கோடும் இரண்டு சின்னக் கோப்பையோடும் வந்து, "வா" என்றார். மூன்றாமவனின் வீட்டை எப்படித் தேடிப் பிடித்தாரோ தெரியாது, ஹார்பூர்க்கில் ஒரு அடுக்குமாடியின் படியேறினோம். மார்க்கோ ஆஸ்பத்திரியில் இருந்தான், கதவைத் திறந்தது அவன் தகப்பன், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரிய மனிதர். சீஃபு கோப்பையை என்னிடம் நீட்டினார். எனக்கு வழிகிற வெட்கம், அதற்கு மேலே ஆத்திரம். "நான் ஊத்தமாட்டன். என்னை அடிக்க வந்தவன்ரை வீட்டிலை நான் ஏன் குனியவேணும்?" என்று தமிழில் சொன்னேன். அச்சொட்டாக உன் சொற்கள். இரண்டு படி கீழே இறங்கிக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

சீஃபு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தானே ஊற்றினார், தானே இரண்டு கையாலும் நீட்டினார், தானே இடுப்புவரை குனிந்தார். "என் மாணவன் செய்தது. என் பிழை" என்றார் அவருடைய உடைந்த ஜெர்மனில். அந்த மனிதர் கோப்பையைத் தட்டிவிட, சுடுதேநீர் அவர் முகத்தில் தெறித்தது. பிறகு அடித்தார். முதல் அடி வாயில். சீஃபுவின் கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. இரண்டாம் அடி நெற்றியில். மூன்றாவது காதில் விழுந்து தலை சுவரில் மோத, காதுக்குள்ளிருந்து இரத்தம் கழுத்துவழியாக வழிந்தது. ஒரு கையால் அந்த மனிதரைப் படியில் உருட்டியிருக்கக் கூடியவர், மரம் மாதிரி நின்றார். அடித்தவருக்கே கை சோர்ந்து அழுகை வந்துவிட்டது. சீஃபு உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அடுத்த வருடம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவருடைய இடது காது செவிடானது அப்படித்தான். ஈப்போவில் சண்டையில் போனது என்று உனக்குச் சொன்னதும் நான்தான், அதை நீ பள்ளியின் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறாய். பொலிசுக்கு யாரும் போகவில்லை. தடியோடு வந்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் வாய் இல்லை, என் அகதி விண்ணப்பம் முடியாமல் கிடந்ததால் எனக்கும் வாய் இல்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் சீஃபு அடிவரிசையை முதலிலிருந்து செய்து காட்டினார். நாற்பத்தொன்று வந்ததும் கை பிடிக்கவில்லை, முறிக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒரு கோப்பையைச் சுற்றிப் பிடிப்பதுபோல் சேர்த்து, முன்னால் நீட்டி, குனிந்தார். "இனி இதுதான்" என்றார், காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் பழகிய எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்குகிறாய். அது வணக்கம் என்று நீ நினைத்தாய். சண்டைக்கு நடுவில் எதற்கு வணக்கம் என்று பதினாறு வயதில் என்னிடம் வந்து கேட்டாய். நான் சோபாவைத் தள்ளி வைத்துவிட்டு, "சீஃபு உனக்குக் காட்டாத சாமான் ஒண்டு இருக்கு, வா" என்று வரவேற்பறையில் வைத்துப் பழைய நாற்பத்தொன்றைக் காட்டித் தந்தேன். ஆசான் தன் காதைக் கொடுத்து மூடிய கதவை நான் உனக்குத் திறந்துவிட்டேன். உன் கை அந்த மேடையில் செய்தது என் பாடம், அவருடையது இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் இடது சுண்டுவிரல் ஏன் வளைந்திருக்கிறது என்று உன் மனைவி ஒருமுறை கேட்டபோது, சைக்கிளால் விழுந்தது என்று நீயே சொன்னாய். ஒன்பது வயதில் நான் சொல்லித் தந்த பொய்யை நீ முப்பது வயதிலும் காப்பாற்றினாய். கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்ததற்காக அகப்பைக் காம்பால் நான் அடித்த அடி அது. அடியாத மாடு படியாது என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். சீஃபுதான் விரலைப் பொருத்தினார். உன்னை வெளியே இருத்திவிட்டு, "இது சைக்கிள் இல்லை, தம்பி" என்றார். நான் என்ன சொல்ல வாயெடுத்தேனோ தெரியாது, நிலத்தில் கிடந்தேன். என் முழங்கை அவருடைய முழங்காலுக்குக் குறுக்கே இருந்தது. மெல்ல மெல்ல அழுத்தினார். மூட்டு கிறீச்சிடத் தொடங்கியது, கண் இருண்டது, நாய்மாதிரி ஊளையிட்டேன். முறிகிற இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினார். "இங்க நிறுத்தலாம். பாத்தியா? இங்க நிறுத்த முடியும்" என்றார். பிறகு என்னைத் தூக்கி இருத்தி அதே கறுத்த தைலத்தை என் முழங்கையில் பூசினார். "பையன் இனி ஸ்கூல் முடிஞ்சு தினமும் இங்க வரட்டும்" என்றார். உன்னைச் சீஃபுவிடம் சேர்த்துவிட்ட தகப்பன் என்று நீ என்னைக் கொண்டாடுகிறாய். நான் சேர்க்கவில்லை, அவர் உன்னை என்னிடமிருந்து எடுத்தார்.

மாசி மாதம் அவருடைய செத்தவீட்டில், படத்துக்கு முன்னால் எல்லோரும் தேநீர் வைத்தபோது, ஒரு கண் மூடிய, வலது கை மடங்காத ஒரு ஜெர்மன்காரர் இடது கையால் ஊற்றி வைத்தார். அவர் யார் என்று நீ கேட்டாய். பழைய மாணவர் என்றேன். சொல்லிவிட்டு மண்டபத்தின் பின்கதவால் போய்விட்டேன். நீ என்னைத் தேடினாயாம்.

நேற்றுத் திங்கட்கிழமை ஹார்பூர்க்குக்குப் போனேன். அதே அடுக்குமாடி, அதே படி. தாய் தகப்பன் போன பிறகு மார்க்கோ அங்கே தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தவரிடம் நான் யார் என்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முகம் ஞாபகம் இல்லை. முழங்கால் ஞாபகம் இருக்கிறது" என்றார். உள்ளே விடவில்லை. கொண்டுபோன தேநீரை வாசலிலேயே ஊற்றினேன். குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. அவர் தன் கைகளைக் கட்ட முயன்றார், ஒரு கை மடங்கவில்லை. "உங்கள் கிழவர் ஒவ்வொரு புது வருடமும் வருவார். முதல் வருடங்களில் அப்பா கதவு திறக்கவில்லை. ஒருமுறை நான் அவர் மேல் துப்பினேன். துடைத்துவிட்டு அடுத்த வருடமும் வந்தார். ஏழாவது வருடம்தான் குடித்தேன்" என்றார். பிறகு, "நான் அன்று தடியோடு வந்தவன். அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் இன்னும் கேட்கவில்லை, நீ வரவேயில்லையே" என்றார். நான் கோப்பையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் எடுக்கவில்லை. "அவருக்கு ஏழாவது வருடம். உனக்கு இது முதலாவது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். படியில் இருந்து அந்த ஆறிய தேநீரை நானே குடித்தேன். அழுதேன், ஆனால் முப்பது வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. அடுத்த வருடமும் போவேன். எனக்கு எழுபது வயதாகிறவரை போகலாம் என்று வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகும் குடிக்காவிட்டால் பொல்லு ஊன்றிக்கொண்டு போவேன்.

உன் ஆள் துப்பினவன்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. மார்க்கோவும் தடியோடு வந்தவன்தான். துப்பினதற்கு அவன் பதில் சொல்லட்டும், அது அவனுடைய வேலை. நீ உன் கையைப் பற்றி மட்டும் யோசி. அவன் கை எங்கே இருந்தது என்று சீஃபு உன்னிடம் கேட்டால் என்ன சொல்வாய்?

வியாழக்கிழமை நான் உன்னோடு வரமாட்டேன். வர ஆசைதான். உனக்குப் பதிலாக நான் குனிந்துவிட்டு வந்தால் எனக்குச் சுகமாக இருக்கும், பிள்ளைக்காக எந்தத் தகப்பன் குனியமாட்டான். ஆனால் சீஃபு தன் வாழ்நாளில் விட்ட பெரிய பிழை அதுதான். அந்தப் படியில் எனக்குப் பதிலாக அவர் ஊற்றினார். அதனால் என் கையில் எதுவும் ஒட்டவில்லை, அந்தக் கையோடுதான் உன் விரலை உடைத்தேன், அந்தக் கையோடுதான் உனக்குப் பழைய நாற்பத்தொன்றைக் காட்டினேன். அவர் விட்ட பிழையை நான் விடமாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு உன் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும். உள்ளே சீஃபுவின் பிளாஸ்க், இரண்டு கோப்பை, ஒரு பொட்டலம் தேயிலை. பிளாஸ்க் வெறுமையாகத்தான் இருக்கிறது. தண்ணீரை நீதான் கொதிக்க வைக்க வேண்டும்.

அப்பா